கலர்க்காரியின் கண்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் நம் கலர்க்காரி, தான் முன்பு செய்த கல்யாண ஆல்பம் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "எந்தப் புண்ணியவான் பண்ணின வேலை இது?" என்று கேட்டாள் அல்லவா? அதைக் கேட்டு அவள் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் நடந்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். வயிற்றெரிச்சல்காரர்கள் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்ளவும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு போட்டோ ஸ்டூடியோ. அவர் படம் எடுப்பார். அண்ணி கவுன்டரில் உட்கார்ந்து ஆர்டர் வாங்குவாள். தங்கை பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படத்துக்குக் கலர் ஏற்றுவாள். அதனால்தான் அவள் கலர்க்காரி. கடையின் மாடியில்தான் மூவருக்கும் வீடு.

அந்த ஸ்டூடியோ படமென்றால் தூரத்திலிருந்தே தெரியும். சிவப்பு கண்ணைப் பறிக்கும். கன்னம் ஜொலிக்கும். மாப்பிள்ளையின் கோட்டு கன்னங்கரேலென்று இருக்கும். "போட்டோன்னா அங்கதான் எடுக்கணும்" என்று ஊரே சொன்னது. கலர்க்காரிக்குக் கைராசி என்றார்கள்.

கைராசியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அவளுக்கு மனச்சோர்வு நோய். அது ஊருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. காலையில் எழுந்தால் உலகம் பலமுறை துவைத்த துணிபோல வெளுத்துக் கிடக்கும். கருப்பு முழுக் கருப்பாக இராது, வெள்ளையும் வெள்ளையாக இராது. திரையில் எந்தப் படத்தைத் திறந்தாலும் சோகை பிடித்த மாதிரித் தெரியும். ஐயோ பாவம், கல்யாணப் பெண் இப்படியா இருப்பாள் என்று ஏற்றுவாள். ஏற்றி ஏற்றி, எல்லாரும் எப்படி இருப்பார்கள் என்று அவளுக்கு நினைவிருந்ததோ அந்த இடம் வந்ததும் நிறுத்துவாள். அவள் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்தது மற்றவர்கள் கண்ணுக்குத் திருவிழாவாகத் தெரிந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணிதான் அவளைக் கையோடு டாக்டரிடம் அழைத்துப்போனாள். "கண்ணுல கோளாறு ஒண்ணும் இல்ல, எழுத்தெல்லாம் நல்லாத்தான் படிக்கிறீங்க. கண்ணாடி மாத்தறதால ஒண்ணும் ஆகாது," என்றார் அந்த டாக்டரம்மா. "இந்த நோய் வந்தா சில பேருக்கு வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இருக்கிற வித்தியாசமே கொறச்சலாத் தெரியும். நோய் எறங்க எறங்க அது திரும்பி வரும். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க."

முதல் சில வாரம் மாத்திரை படுத்தி எடுத்தது. வாய் உலர்ந்தது, ட்யூப்லைட் கூசியது, கிட்டத்தில் பார்த்தால் மங்கலடித்தது. அப்புறம் ஒருநாள் பல் விளக்கும்போது வாளியின் நீலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பிளாஸ்டிக் வாளிதான். அதைப் பார்த்துக் கண்கலங்கியவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வாளி திரும்பக் கிடைத்தது, வாடிக்கை போக ஆரம்பித்தது. அதுதான் இப்போது வந்திருக்கும் வில்லங்கம்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதுமே மண்டபத்துக்காரர் வந்து நின்றார். ஊரில் பாதிக் கல்யாணம் அவர் மண்டபத்தில்தான். அத்தனைக்கும் அவர் கை காட்டுவது இந்த ஸ்டூடியோவை. இந்தமுறை கல்யாணம் அவருடைய சொந்த மகளுக்கு. மாதிரிக்கென்று அச்சடித்துக் கொடுத்த பக்கங்களைக் கவுன்டரில் பொத்தென்று போட்டார்.

"என்னய்யா இது? என் பொண்ணு ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுந்து வந்த மாதிரி இருக்கா!"

அண்ணன் நெளிந்தார். "இல்லிங்க, இது இப்ப புது மாதிரி..."

"புது மாதிரியை உன் வீட்டுக் கல்யாணத்துக்கு வச்சுக்கோ. எனக்குப் பழைய மாதிரிதான் வேணும்."

பின்னறையிலிருந்த கலர்க்காரிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்தாள். "சார், உங்க பொண்ணோட நிறம் இதுதான் சார். நல்லா பாருங்க, எவ்வளவு அழகா இருக்காங்க."

"என் பொண்ணு நிறம் எனக்குத் தெரியாதாம்மா? அதைப் பார்க்கத்தான் வீட்டுல கண்ணாடி இருக்கே. அப்புறம் ஆல்பம் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். மண்டபத்துக்காரர் அண்ணனின் தோளில் கை போட்டார். கை போடுகிற ஆள்தான் கழுத்தைப் பிடிக்கிற ஆளும் என்பது அண்ணனுக்கு அனுபவத்தில் தெரியும்.

"நாளைக்குச் சாயந்தரம் வரேன். பழையபடி இருந்தா பழையபடி இருப்போம். இல்லேன்னா எதிர்ல ஒரு பையன் கடை போட்டிருக்கான், ஆர்டர் குடுங்கன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கான்."

அவர் போனதும் அண்ணி மாதிரிப் பக்கங்களை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

"பழைய செட்டிங்கை அப்படியே எடுத்துப் போட்டுடேன்," என்றார் அண்ணன்.

"போன வாரம் நீயே போட்டுப் பார்த்தியேண்ணா. என்ன ஆச்சு?"

ஒருத்தர் முகம் தக்காளியாகவும் பக்கத்தில் நின்றவர் முகம் கோதுமை மாவாகவும் ஆனதுதான் ஆயிற்று. அவள் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகக் கண்ணால் பார்த்து ஏற்றியவள். எந்த முகத்துக்கு எங்கே நிறுத்தினாளோ, அதை மிஷினுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

அண்ணன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பின்னறைக்குப் போய் மானிட்டரின் வெளிச்சத்தைப் பாதிக்குமேல் குறைத்தார். "இப்ப உனக்கு அப்ப மாதிரி மங்கலாத் தெரியும்ல? இப்ப பண்ணு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பண்ணினாள். மானிட்டரின் வெளிச்சத்தைத் திரும்பக் கூட்டியபோது மணப்பெண் பேய் அறைந்தவளாகிவிட்டாள். கலர் ஏறவில்லை. அப்புறம் அவர் லேமினேஷன் மேஜையிலிருந்து ஒரு பட்டர் பேப்பரை எடுத்துவந்து திரைமேல் ஒட்டினார். அதன் வழியாகப் பார்த்துச் செய்ததில் மணப்பெண்ணுக்கு மஞ்சள்காமாலை வந்தது. மாமியார்க்காரிக்கு மீசை முளைத்தது.

"அண்ணா, நோயைப் பேப்பர்ல ஒட்ட முடியாதுண்ணா," என்றாள்.

அவர் பட்டர் பேப்பரைக் கசக்கிக் குப்பையில் எறிந்தார். அவர் மனசில் என்னவோ ஓட ஆரம்பித்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மாடிக்குப் போனார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவள் வழக்கம்போல மாத்திரை அட்டையை எடுத்தாள். அண்ணன் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"இப்பத்தான் உனக்கு நல்லாயிடுச்சே. சிரிக்கிறே, சாப்பிடறே, என்கூடச் சண்டை கூடப் போடறே. இந்தக் கல்யாண சீசன் ஒண்ணு மட்டும் அதை நிறுத்தி வச்சா என்ன? அப்புறம் தாராளமா போட்டுக்கோ. நானே வாங்கித் தரேன்."

கலர்க்காரி அட்டையைக் கீழே வைத்தாள்.

"நிறுத்தினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமில்லண்ணா?"

"கொஞ்சம் டல்லா இருக்கும். நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே இருக்கோமே!"

கொஞ்சம் டல்லாம்! கேட்டீர்களா நியாயத்தை? குளிக்கப் போகப் பலமில்லாமல் கட்டிலின் ஓரத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்த காலைகள் எத்தனை! ரோட்டைக் கடக்கும்போது, வருகிற லாரி நின்றால் என்ன, நிற்காவிட்டால்தான் என்ன என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. அதை அவள் டாக்டரம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

அப்படியும் அவளால் முகத்தில் அடித்தாற்போல மறுக்க முடியவில்லை. அப்பா போனபிறகு தன் படிப்பை விட்டுவிட்டு அவளைப் படிக்கவைத்தவர் அவர். புருஷன் வீட்டிலிருந்து அவள் ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றபோது ஒரு கேள்வி கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவரும் அவர்தான். மண்டபத்துக்காரர் கைவிட்டால் ஷட்டர் இறங்கிவிடும். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

"நீங்க என்ன சொல்றீங்க அண்ணி?" என்று கேட்டாள்.

அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். "நான் சொல்லி இந்த வீட்டுல என்ன நடந்திருக்கு?" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கலர்க்காரி அட்டையைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். சாயந்தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நினைத்ததுமே தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மாத்திரையைத் தொடாமல் வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். பழைய படம் ஒன்றையும், கலர் ஏற்றாத அதன் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே எவ்வளவு ஏற்றினோம் என்று படித்துக்கொண்டால் போதாதா? இப்போது அந்தக் கலர் கண்ணுக்குப் பிடிக்காவிட்டாலும் பார்த்துக் காப்பியடிக்கலாம் இல்லையா? கடை வாசலில் பெரிதாக மாட்டியிருந்த குடும்பப் படத்தையே எடுத்துக்கொண்டாள். அண்ணன் மகள் வெளியூருக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று எடுத்தது. அதில் எல்லாரும் ஜொலிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தவர்கள் ஏராளம்.

அசலைத் தேடித் திறந்தாள்.

அண்ணன் மகள் சாதாரணமாக இருந்தாள். அண்ணியும் அப்படித்தான். அவர்களுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் நின்றாள். கலர்க்காரிக்கு அவளை அடையாளம் தெரியவே ஒரு கணம் பிடித்தது.

கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தலை வாரவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று தப்பிப் போட்டிருந்ததில் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி இருந்தது. எல்லாரும் கேமராவைப் பார்க்க, அவள் மட்டும் மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் செத்துப்போனால்கூட, எதிர்பார்த்ததுதான் என்று சொல்கிற மாதிரி ஒரு முகம்.

வாசலில் மாட்டியிருந்த படத்தில் அதே பெண்ணுக்கு ரோஜாக் கன்னம். பொத்தானைச் சரிசெய்து, பார்வையைத் திருப்பி, இரண்டு கண்ணிலும் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வைத்திருந்தாள் அவளே. அன்றைக்கு அவளுக்கு அது பூச்சாகத் தெரியவில்லை. எல்லா முகமும் வெளிறித் தெரிந்த கண்ணுக்குத் தன் முகம் மட்டும் எப்படித் தனியாகத் தெரியும்?

ஆனால் கேமராவுக்குப் பின்னால் நின்றவருக்கு எந்த நோயும் இல்லையே.

"அண்ணா! இங்க வா!"

அவள் போட்ட சத்தத்தில் அண்ணன் ஓடிவந்தார். அண்ணியும் பின்னாலேயே வந்தாள்.

"இதை எடுத்தது யாரு?"

"நான்தான். ஏன்?"

"ஃபோகஸ் என் முகத்துலதான் இருக்கு. நல்லா கூர்மையா இருக்கு. லென்ஸ்ல என்ன பார்த்தே?"

அண்ணன் திரையைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார். "எவ்வளவோ படம் எடுக்கறேன். எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்க முடியுமா? எனக்கென்ன தெரியும், நான் என்ன டாக்டரா?"

"தெரியும்," என்றாள் அண்ணி.

"நீ சும்மா இரு."

"இவ்வளவு நாளா சும்மாதானே இருந்தேன்!" அண்ணியின் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு ராத்திரியே சொன்னேன். இவளைப் பாருங்க, எனக்குப் பயமா இருக்கு, டாக்டர்கிட்டக் காட்டலாம்னு சொன்னேன். சீசன் முடியட்டும்னீங்க. அது முடிஞ்சப்பறம் மறுபடி சொன்னேன். அடுத்த சீசன் வந்துடுச்சுன்னீங்க. இவ கை இப்ப நல்லா வேலை செய்யுது, எதையாவது குடுத்து ஆஃப் பண்ணிடப் போறாங்கன்னு சொன்னீங்களா இல்லையா?"

கலர்க்காரி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சொன்னியாண்ணா?"

"இவ்வளவு தூரம் இருக்கும்னு நெனக்கலை," என்றார். "சத்தியமா நெனக்கலை. நீ வேலை பண்ணிக்கிட்டுத்தானே இருந்தே? அப்ப கடை இருந்த நெலமை உனக்குத் தெரியாது."

"என் நெலமை உனக்குத் தெரிஞ்சுதே!"

இதைக் கேட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாமா ஒரு மனுஷன்? அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது உண்மை. பொய் அழுகை அழுகிற ஆள் இல்லை அவர். ஆனால் துடைத்துக்கொண்டே கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்தார். அதுவும் உண்மை. நாளைக்குச் சாயந்தரம் மண்டபத்துக்காரர் வருவார்.

கலர்க்காரி அட்டையைப் பிரித்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நான் இதை நிறுத்தமாட்டேன். நீ அழுதாலும் நிறுத்தமாட்டேன், கடையே போனாலும் நிறுத்தமாட்டேன். பழைய கலர் வேணும்னா உட்காரு. நீயே போடு."

அண்ணன் உட்கார்ந்தார். வேறென்ன செய்வார்? மவுஸைப் பிடித்து மண்டபத்துக்காரர் மகளின் படத்தைத் திறந்தார். கொஞ்சம் ஏற்றினார், நெற்றி பளபளத்தது. இறக்கினார். இன்னொன்றைத் தொட்டார், உதடு ஊதாவாயிற்று. ஆளுக்குப் படம் எடுக்கத்தான் தெரியும். அரைமணி நேரத்தில் வியர்த்து விறுவிறுத்துப்போய், மவுஸை மேஜையில் ஓங்கிக் குத்தினார்.

"முடிஞ்சுது. நாளைக்கு ஷட்டரை எறக்கிட்டு மூணு பேரும் தெருவுல நிப்போம்."

"தள்ளுங்க, நான் பண்றேன்," என்றாள் அண்ணி.

"உனக்கென்ன தெரியும்?"

"இத்தனை வருஷமா பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். எதை இழுத்தா என்ன ஏறும்னு கூடத் தெரியாதா? தள்ளுங்க."

அண்ணி உட்கார்ந்தாள். அவளுக்கு வேகம் இல்லை, தட்டுத்தடுமாறித்தான் செய்தாள். ஒவ்வொரு முகமாக எடுத்தாள். உடையில் சிவப்பை ஏற்றினாள். பார்த்தாள், இன்னும் ஏற்றினாள். கன்னத்துக்கு வந்தாள். கருப்புக் கோட்டை மறுபடி மறுபடி அழுத்தினாள். கலர்க்காரி சுவரில் சாய்ந்து நின்றபடி, இதோ இப்போது நிறுத்துவாள், இதோ நிறுத்துவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி நிறுத்தவில்லை. கண் கூசுகிற இடத்தையும் தாண்டிப் போய், ஒரு இடத்தில் தானாகக் கையை எடுத்தாள்.

அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, இதுதான்! இதேதான்! இவ கை அப்படியே வந்திருக்கே! எப்படிடீ பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலைங்க. கண்ணுக்குச் சரியாத் தெரியற வரைக்கும் ஏத்தினேன்." அண்ணி திரையையே பார்த்தாள். "இப்பவும் கொஞ்சம் வெளுப்பாத்தான் இருக்கு. இன்னும் ஏத்தட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம், தொடாதே! அப்படியே இருக்கட்டும்!" அவர் போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினார்.

கலர்க்காரி திரையை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் முதல்தடவையாகப் பார்க்கிறாள். மூன்று மாதமாகவே இப்போதுதான் பார்க்கிறாளோ என்னவோ. தனக்கு வந்ததை அண்ணி எப்படி அத்தனை சீக்கிரம் கண்டுபிடித்தாள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"அண்ணி, உங்களுக்கு எவ்வளவு நாளா இப்படித் தெரியுது?"

"எப்படி?" என்றாள் அண்ணி, புரியாமல்.

முன்னறையில் அண்ணனின் குரல் கணீரென்று கேட்டது. "ஐயா, கவலையே படாதீங்க. நம்ம வீட்டுலயே ஆள் கெடைச்சாச்சு. இந்தச் சீசன் முழுக்க இனிமே பழைய கலர்தான்!"

இனிமேல் கலர்க்காரியை மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை.